வண்டி எடுக்கும் முன் ஒரு சொட்டு ரத்தம்!

இன்சுலின் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுபவரா நீங்கள்? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? மீமிசலிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் என் வண்டிச் சாவி தொங்கும். சாவிக்கு மேலே, அதே ஆணியில், ஜிப் வைத்த சின்னப் பர்ஸ் ஒன்றும் தொங்கும். அதற்குள் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, விரலில் குத்தும் ஊசி, ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பவுடர். பர்ஸைக் கழற்றாமல் சாவியை எடுக்க முடியாது. பர்ஸைக் கழற்றினால் விரலில் குத்திப் பார்த்தே ஆக வேண்டும். இது என் மனைவி போட்ட சட்டம். அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "என்னங்க, எத்தனை?"

நான் எண்ணைச் சொல்ல வேண்டும். 130 என்றால் பதில் வராது. 85 என்றால் இரண்டு பிஸ்கட்டோ வாழைப்பழமோ வரும். 65 என்றால் சாவி அவள் கைக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ஒரு கல்யாண நாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

பந்தி பரிமாறியவன் பசியோடு போனேன்

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனபோது மருத்துவர் இன்சுலினுக்கு மாற்றினார். காலையில் ஓர் ஊசி, இரவில் ஓர் ஊசி. அறந்தாங்கியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். மீமிசலிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாகப் போய் வர எழுபது கிலோமீட்டரைத் தாண்டும். பஸ் நேரத்துக்கும் கடை நேரத்துக்கும் ஒத்துவராது. எனவே பைக் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை.

அன்று கோட்டைப்பட்டினம் பக்கத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். காலை ஏழரைக்கு ஊசி போட்டேன். 'மதியம்தான் விருந்து இருக்கிறதே' என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். மண்டபத்தில் ஆள் போதவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பந்தி பரிமாறினேன். மூன்றாவது பந்தியில் உட்காரலாம் என்று நினைத்தபோது போன். மீமிசல் பஸ் ஸ்டாண்டில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார், யாராவது போய் அழைத்து வர வேண்டும். "பத்து நிமிஷ வேலைதானே, வந்து சாப்பிடுறேன்" என்று வண்டியை எடுத்தேன்.

ஈசிஆர் சாலையில் மீமிசல் வரும்வரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரியவர் கை காட்டியிருக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். என் வீட்டுக்குத் திரும்பும் தெருவையும் தாண்டி, தொண்டி போகும் திசையில் வண்டி போயிருக்கிறது. பிறகு சாலையை விட்டு இறங்கி, கருவேலம் புதர் ஓரத்து மணலில் சாய்ந்துவிட்டது. வேகம் இல்லாததால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தேன்.

கூட்டம் கூடியது. என் காதில் விழுந்த முதல் குரல், "பட்டப்பகல்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாரு." இன்னொருவர் போலீஸுக்குப் போன் போடச் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, நாக்கு புரளவில்லை. உளறியிருக்கிறேன். உளறியதைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

அந்த வழியாகக் கூடையோடு வந்த மீன்காரம்மா ஒருவர்தான் குனிந்து பார்த்தார். "வாய்ல வாடையே இல்லையே... சட்டை இப்படி நனைஞ்சிருக்கு. இது குடியில்லப்பா, சீனி எறங்கிப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். யாராவது சர்பத் வாங்கிட்டு வாங்க!" என்றார். நான் விழுங்கும் நிலையில் இருந்தது என் அதிர்ஷ்டம். நன்னாரி சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. நான் முதலில் கேட்டது, "அக்கா, வண்டி யாரு மேலயாவது இடிச்சுதா?" என்றுதான். இல்லை என்றார். அழுதுவிட்டேன்.

மூளைக்குப் பட்டினி

ஏன் இப்படி நடந்தது என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது கேட்டேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

எனக்குத் தரப்பட்டிருந்தது கலவை இன்சுலின். நம் பக்கத்தில் நிறைய பேர் போடுவது அதுதான். அதில் ஒரு பகுதி வேகமாக வேலை செய்யும்: போட்ட அரை மணியில் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அது காலைச் சாப்பாட்டுக்கு. இன்னொரு பகுதி மெதுவாக வேலை செய்யும்: நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்கு வரும். அது மதியச் சாப்பாட்டுக்கு. ஊசி உள்ளே போய்விட்டால் அது தன் வேலையை நேரத்துக்குச் செய்யும். நாம் பந்தியில் உட்கார்ந்தோமா, பரிமாறிக்கொண்டிருந்தோமா என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு வாளி தூக்கி நடந்த உழைப்பும் ரத்தத்தில் இருந்த சர்க்கரையைச் செலவழித்துவிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. உடம்பு முதலில் எச்சரிக்கும்: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. 54-க்கும் கீழே போகும்போது மூளை தடுமாறத் தொடங்கும். நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவிகிதம்தான். ஆனால், உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையைச் சேமித்து வைக்க அதற்கு இடமும் கிடையாது. அதனால் வரத்து குறைந்ததும் முதலில் பாதிக்கப்படுவது யோசிக்கும் திறன்.

பைக் ஓட்டுபவருக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான். 'எனக்கு ஏதோ சரியில்லை, நிறுத்த வேண்டும்' என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே பசியில் கிடக்கிறது. என்னைப் போல, நன்றாகத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போய்விடுவோம். காரில் போகிறவராவது உட்கார்ந்திருக்கிறார். இரு சக்கரத்தில் சமநிலையும் நம் பொறுப்பு. ஆகவே முடிவைச் சாலையில் எடுக்கக் கூடாது. சாவியை எடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களுக்கும் அந்த முன்னெச்சரிக்கை அறிகுறிகளே மங்கிப்போகும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் மிஞ்சும். ஆடி மாதமானாலும் மார்கழியானாலும் வியர்க்கும் நம் கடற்கரையில் அதை யார் கவனிப்பது? அதனால்தான் 'எனக்குத் தெரியும், வந்தா கண்டுபிடிச்சிடுவேன்' என்ற நம்பிக்கை செல்லாது. மீட்டர்தான் பேச வேண்டும்.

மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் இன்சுலினைப் போலவே இறக்கிவிடக்கூடியவை. உங்கள் மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

'இன்சுலின் போட்டால் லைசென்ஸ் போயிடுமாமே?'

இந்தப் பேச்சு நம் ஊர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீன் ஏற்றிப் போகும் இளைஞர்களிலிருந்து கடன் வசூலுக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள் வரை, வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஊசி போடுவதை ஒளிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் தேடுபவர்கள் இன்னும் ஒளிக்கிறார்கள். ஒளிப்பவர் மதியம் எல்லோர் முன்னாலும் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல் தகுதிப் படிவத்தில் 'இன்சுலின் போடுகிறீர்களா' என்று நேரடியாகக் கேட்பதில்லை. வலிப்போ, திடீரென நினைவிழப்பதோ, தலைசுற்றலோ உண்டா என்று கேட்கிறார்கள். நீங்கள் ஓட்டினால் பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய் உண்டா என்றும் கேட்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் பயப்பட ஒன்றுமில்லை. அடிக்கடி மயங்கி விழுகிறவர், அதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தொடாமல் இருப்பதுதான் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்.

பிரிட்டனில் விதி இன்னும் தெளிவாக இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் அதை உரிமம் வழங்கும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதற்காக உரிமத்தைப் பிடுங்குவதில்லை. வண்டி எடுப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். நம் கணக்கில் 90-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். 90-க்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 70 அளவுக்கு இறங்கினால் ஓட்டவே கூடாது. இறங்கிய சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிய உடனேயே மூளை முழுதாகத் தெளிவதில்லை. அங்கே இது சட்டத்தோடு சேர்ந்த நடைமுறை. இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் என் வீட்டு ஆணியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

இன்சுலின் போடுகிறவர் வண்டி ஓட்டுவதே தப்பு என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் சார்லி கிம்பால் என்று ஒரு கார் பந்தய வீரர். 2007-ல், 22 வயதில் அவருக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத வகை அது. அவர் பந்தயத்தை விடவில்லை. உடம்பில் ஒட்டிய சென்சார் காட்டும் சர்க்கரை அளவை, வண்டியின் வேகத்தைப் பார்ப்பது போலவே ஓட்டிக்கொண்டே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். தண்ணீரோடு சேர்த்து, சர்க்கரை இறங்கினால் குழாய் வழியே உறிஞ்சிக்கொள்ள இனிப்பான பானமும் வைத்துக்கொண்டார். 2013-ல் மிட் ஒஹாயோ பந்தயத்தில் முதலாவதாக வந்தார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செய்ததும், மீமிசலில் நாற்பதில் போகிற நான் செய்வதும் ஒன்றுதான்: அளவைத் தெரிந்து வைத்திரு, இனிப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திரு.

ஊசி என்பது கடைசிக் கட்டமா?

'ஊசிக்கு வந்துட்டாரா... அப்ப முத்திருச்சு' என்று உறவினர்கள் இழுப்பார்கள். 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. வாழ வைக்க வந்த மருந்தைச் சாவுக்கு அடையாளமாகப் பேசுகிறோம்.

நாம் தனியாகவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். நம் தெருவில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் சிலவற்றையாவது என்னைப் போன்றவர்கள்தான் ஓட்டுகிறார்கள்.

ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள்!

வண்டியும் இன்சுலினும் சேரும் இடத்தில் இன்னொரு சிக்கல், வெயில். திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவதை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் 4 வாரம் வைத்துக்கொள்ளலாம்; சரியான கணக்கு அட்டைப்பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில், டேங்க் கவரில், பக்கப் பெட்டியில் வைத்தால் மருந்து வீரியம் இழந்துவிடும். ஸ்ட்ரிப்புகளும் அப்படித்தான், சூடும் ஈரமும் பட்டால் தப்பான அளவைக் காட்டும்.

எங்கள் பக்கத்தில் மீன் வியாபாரிகள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். வண்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று மருந்தை அதில் போட்டுவிடுகிறார்கள். ஐஸை ஒட்டி உறைந்த இன்சுலின் பயன்படாது. உருகிய பிறகு பார்க்க முன்போலவே இருக்கலாம். அதைப் போடக் கூடாது. ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வெளியூர் போகும்போது, வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஈரத் துணியால் சுற்றி எடுத்துப் போகிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைதான் துணை. தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தைப் போட்டு, பானைக்குள் நிழலில் வையுங்கள்.

ஊசி போடும் இடத்தையும் கவனியுங்கள். தொடையில் போட்டுவிட்டு உடனே கிக்கரை உதைப்பதும், மீன் பெட்டி தூக்குவதும் மருந்தை வேகமாக ரத்தத்தில் இறக்கிவிடும். வேலைக்குப் போகும் காலைகளில் வயிற்றில் போடுவது நல்லது. ஒரே இடத்தில் போட்டுக் கட்டியாக்காமல் இடம் மாற்றிப் போட வேண்டும்.

காலும் கண்ணும்

தாழ்சர்க்கரை ஒரு நாளில் வரும் ஆபத்து. பல வருடத்தில் வரும் ஆபத்துகள் இரண்டு. ஒன்று கால். நரம்பு மரத்துப் போனவருக்குக் கியரும் பிரேக்கும் காலில் சரியாகத் தெரியாது. சைலன்ஸர் சுட்டாலும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர், கணுக்காலுக்கு மேலே வெந்து கொப்பளம் வந்ததை மறுநாள் குளிக்கும்போதுதான் பார்த்தார். அது ஆற மாதக்கணக்கானது. எவ்வளவு புழுக்கமானாலும் வண்டியில் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைத் தடவிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று கண். வருடத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பார்வை மங்குவதும் உண்டு. அந்த வாரம் கண்ணாடி மாற்ற ஓடாதீர்கள்; சர்க்கரை நிலைப்பட்ட பிறகு சோதிக்கலாம். எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் கண் கூசி, சாலை மறைகிறது என்றால் ராத்திரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நோன்பும் விரதமும்

எங்கள் ஊரில் ரமலான் மாதம் மஃரிப் நேரத்துக்குச் சற்று முன் கடைத்தெருவில் வண்டிகள் பறக்கும். நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் அவசரம். நாள் முழுதும் சாப்பிடாத உடம்பில் சர்க்கரை மிகவும் இறங்கக்கூடிய நேரமும் அதுதான். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். நோன்பு வைக்க விரும்பினால் மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நாமாக மாற்றக் கூடாது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. 70-க்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வண்டி ஓட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒட்டி வைக்க...

கிளம்பும் முன்: கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். லட்டு தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும். 90-க்கு மேல் என்றால் போகலாம். அதற்குக் கீழே என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒரு ஸ்ட்ரிப்புக்கு ஆகும் செலவு ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் செலவுதான்.

சட்டைப் பையில்: இனிப்பு எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல. குளுக்கோஸ் பவுடர் அல்லது சீனி மூன்று ஸ்பூன், ஏறத்தாழ 15 கிராம், ஒரு பொட்டலம். இப்படி இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் அவசரத்துக்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி சரியாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடரே வேண்டும்.

வழியில் ஏதோ போல் இருந்தால்: 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று நினைக்காதீர்கள். இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு யோசனை. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். ஏறிய பிறகு பிஸ்கட்டோ சாப்பாடோ சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் நிழலில் உட்காருங்கள்.

ஊசி போட்டால் சாப்பாடு: வேகமாக வேலை செய்யும் மருந்தும் கலவை மருந்தும் போட்டுவிட்டு வண்டி எடுக்காதீர்கள். முதலில் சாப்பாடு, பிறகு சாவி. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் மது குடித்தால் சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூட இறங்கும். மறுநாள் காலை வண்டி எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

அடையாளச் சீட்டு: 'எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறேன். நான் உளறினால் குடித்திருப்பதாக நினைக்க வேண்டாம். விழுங்க முடிந்தால் இனிப்பு கொடுங்கள். மயங்கியிருந்தால் 108-ஐ அழையுங்கள்' என்று தமிழில் எழுதி, வீட்டு எண்ணும் சேர்த்து, போன் உறைக்குள் பின்பக்கம் தெரியும்படி வையுங்கள். என்னுடையதை என் மகள்தான் எழுதிக் கொடுத்தாள்.

பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது: சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019-ல் திருத்தம் வந்துவிட்டது. எனவே பயந்து விலகிப் போகாதீர்கள்.

வண்டியை விட வேண்டியதும் உண்டு

இவ்வளவும் செய்தும் எச்சரிக்கை இல்லாமல் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறது என்றால் சில மாதம் வண்டியை ஓரம் கட்டுவதுதான் சரி. கல்யாண நாளுக்குப் பிறகு நானும் மூன்று மாதம் பஸ்ஸில் போனேன். சம்பளத்தில் பிடித்தம் ஆனது. மருத்துவர் ஊசியின் வகையையும் அளவையும் மாற்றி, சர்க்கரை நிலைப்பட்ட பிறகுதான் சாவியைத் தொட்டேன். சர்க்கரை இறங்காமல் சில வாரங்கள் கவனமாக இருந்தால், மங்கிப்போன முன்னெச்சரிக்கை அறிகுறிகள் ஓரளவு திரும்பி வரும் என்று அவர் சொன்னது நடந்தது. இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டுக்கு வரும் அந்த ஊழியரிடம், 'நான் வண்டி ஓட்டுகிறேன், எனக்கு அடிக்கடி இறங்குகிறது' என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாததற்கு மருந்து கிடையாது.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வண்டி எடுக்காதீங்க' என்று சொன்னால் ஒளிந்து எடுப்போம். 'எத்தனை?' என்று மட்டும் கேளுங்கள். கோபம் வரத்தான் செய்யும். சர்க்கரை இறங்கும்போது எரிச்சலும் ஓர் அறிகுறிதான். நான் காரணமில்லாமல் சிடுசிடுத்தால் என் மனைவி பதில் பேசுவதில்லை. மீட்டரை நீட்டுகிறாள். பாதி நாள் அவள் கணக்குதான் சரியாக இருக்கிறது.

அந்த மீன்காரம்மாவை இப்போதும் வாரத்தில் இரண்டு நாளாவது பார்க்கிறேன். கூடையை இறக்காமலே கேட்பார்: "சாப்ட்டியா தம்பி?" அவருக்கு அது வெறும் குசலம் இல்லை. எனக்கும் இல்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு, "சாப்ட்டேன்க்கா, பொட்டலமும் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறேன்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக. மருந்தையோ ஊசியின் அளவையோ மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.)